தலைக்கு மேல் தணல், சுவருக்குள் ஓதம்

மே மாதம் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு, நீங்கள் குடியிருப்பது மேல் மாடியாக இருந்தால், ஸ்டூல் போட்டு ஏறி உட்கூரையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சூரியன் மறைந்து மூன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். ஆனாலும் அடுப்பிலிருந்து இறக்கி வைத்த தோசைக்கல் மாதிரி கூரை சுட்டுக்கொண்டிருக்கும். ஃபேனைப் போட்டால், கூரையை ஒட்டி நிற்கும் அனலைத்தான் அது அள்ளிக் கீழே கொட்டும்.

அதே கூரையை நவம்பரில் அண்ணாந்து பாருங்கள். ஃபேன் கொக்கியைச் சுற்றி ஈரம். மூலையில் பழுப்பு வட்டம். வடக்குச் சுவரை ஒட்டி நிறுத்திய பீரோவைத் திறந்தால் பூசண நெடி. பட்டுப்புடவை மடிப்பில் வெள்ளைப் புள்ளிகள், பிள்ளைகளின் சர்டிஃபிகேட் ஃபைலில் கறுப்புப் புள்ளிகள்.

இவற்றை நாம் இரண்டு தனித்தனி நோய்களாகவே பார்த்துப் பழகிவிட்டோம். வெயிலுக்கு ஏ.சி. வாங்குகிறோம், ஓதத்துக்குப் பெயிண்டரைக் கூப்பிடுகிறோம். ஏ.சி.க்கு மாதத் தவணை, பெயிண்டருக்கு வருடத் தவணை. இரண்டுக்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான் என்பதும், அது மொட்டை மாடியில் இருக்கிறது என்பதும் கணக்கில் வருவதே இல்லை. நம் ஊரில் வீட்டைக் காப்பது என்றால் முதலில் தளத்தைக் காப்பது. சுவரும் ஜன்னலும் அதற்குப் பிறகுதான்.

வெயில் எங்கே விழுகிறது?

சென்னை இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரியில். ஏப்ரல் 24, 25 வாக்கில் நண்பகல் சூரியன் சரியாகச் சென்னையின் உச்சந்தலைக்கு மேல் நிற்கிறது. ஆகஸ்ட் 18 வாக்கில் மறுபடி ஒரு முறை. இடைப்பட்ட நான்கு மாதமும் உச்சி வெயில் கிட்டத்தட்டச் செங்குத்தாகவே இறங்குகிறது. அந்த நேரத்தில் சுவர்கள் நிழலில் தப்பித்துக்கொள்ளும். அடி முழுவதும் வாங்குவது தளம்தான். மேற்குச் சுவருக்கு மாலையில் மூன்று, நான்கு மணி நேரம், கிழக்குச் சுவருக்குக் காலையில் அதே அளவு. தளத்துக்கோ காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து மணி வரை முழு நேர வேலை.

பூச்சு எதுவும் இல்லாத, வருடக்கணக்கில் கறுத்துப்போன கான்கிரீட் தன்மேல் விழும் வெயிலில் முக்கால் பங்கை உறிஞ்சிக்கொள்ளும். கத்திரி வெயிலில் அதன் மேற்பரப்பு 60 டிகிரியை ஒட்டிப் போகும். ஐந்து அங்குல கான்கிரீட் வழியாக அந்தச் சூடு கீழே இறங்கி வர மூன்று, நான்கு மணி நேரம் பிடிக்கும். பிற்பகல் இரண்டு மணிக்கு மேலே ஏறிய வெயில், நாம் ஆபீஸ் முடிந்து வீடு திரும்பும் நேரத்துக்குப் படுக்கையறைக்குள் வந்து காத்திருக்கிறது. சேர்த்து வைத்த சூட்டை நள்ளிரவு வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கக்குகிறது. தெருவில் காற்று குளிர்ந்த பிறகும் வீட்டுக்குள் வெந்துகொண்டிருப்பதற்கு இதுதான் காரணம்.

ஓதமும் இங்கிருந்துதான் கிளம்புகிறது. பகலில் சூடேறி இரவில் ஆறும்போது கான்கிரீட் நீண்டு சுருங்கும். 10 மீட்டர் நீளமுள்ள தளம் 30 டிகிரி ஏறி இறங்கினால் சுமார் 3 மில்லிமீட்டர் நகரும். கீழே இருக்கும் செங்கல் சுவர் அதே அளவு நகராது. மேலே இருக்கும் கைப்பிடிச் சுவரும் நகராது. இப்படி வருடக்கணக்கில் இழுபறி நடந்தால், தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் விடாமல் என்ன செய்யும்? அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வருகிறது. சென்னையில் வருடத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது என்றால், அதில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பரில்தான். கோடை போட்ட விரிசலில் மழை இறங்குகிறது. ஈரம் ஏறிய தளம் அடுத்த கோடையில் இன்னும் அதிகமாகச் சுடும், ஏனென்றால் நுண்துளைகளில் இருந்த காற்றின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கும். அசையாத காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும்.

வெயில் விரிசலைத் தருகிறது, விரிசல் ஈரத்தை, ஈரம் மறுபடி வெயிலை. எங்கேயாவது ஓரிடத்தில் வெட்டினால் மூன்றும் அடங்கும்.

கட்டையால் தட்டிய தளம்

பழைய கொத்தனார்களுக்கு இது தெரிந்திருந்தது. மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் இன்னும் மிச்சமிருக்கும் நூறு வருட வீடுகளில் 'மெட்ராஸ் டெரஸ்' என்ற கூரையைப் பார்க்கலாம். தேக்கு உத்தரங்களை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் மெல்லிய சின்னச் செங்கல்களைச் சாய்வாட்டத்தில் குத்துக்கல்லாகச் சுண்ணாம்புக் கலவையில் அடுக்கி, அதற்கும் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம், அதன் மேல் தட்டோடு. எல்லாம் சேர்ந்தால் முக்கால் அடிக்கு மேல் கனம் வரும். உள்ளே கம்பி கிடையாது, சிமென்ட் கிடையாது. வெயில் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் வருவதற்குள் பொழுதே சாய்ந்துவிடும்.

கான்கிரீட் வந்த பிறகும் 'வெதரிங் கோர்ஸ்' என்ற அந்தச் செங்கல் ஜல்லி சுண்ணாம்புத் தளத்தை நம்மவர்கள் விடவில்லை. ஸ்லாபின் மேல் சராசரி மூன்று அங்குலத்துக்குப் போடுவார்கள். 1980-கள் வரை எந்தத் தெருவில் புது வீடு எழும்பினாலும் அந்தச் சத்தம் கேட்கும். சித்தாள் பெண்கள் இரண்டு வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, கையில் தட்டையான மரக்கட்டையோடு, ஒரே தாளத்தில் தளத்தைத் தட்டிக்கொண்டே நகர்வார்கள். மேஸ்திரி பின்னாலேயே கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துக்கொண்டு வருவார். கட்டை பட்டால் துள்ளித் திரும்பும் வரைக்கும் தட்ட வேண்டும். நாள் கணக்கில் ஆகும். முடிந்ததும் தட்டோடு பதித்து, மழைக்குழாய்ப் பக்கம் வாட்டம் சரியாக இருக்கிறதா என்று ஒரு குடம் தண்ணீரை ஊற்றிப் பார்ப்பார்கள்.

அந்த மூன்று அங்குலம் இரண்டு வேலை பார்த்தது. ஜல்லிக்குள் அடைபட்ட காற்று சூட்டைத் தடுத்தது. சுண்ணாம்பு கொஞ்சம் வளைந்து கொடுத்ததால் விரிசல் குறைந்தது. இன்று அதற்கு ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கூலி கட்டுப்படி ஆவதில்லை. அதன் இடத்தில் ஒன்றரை அங்குல சிமென்ட் கலவையையும் மேலே டைல்ஸையும் போட்டுவிட்டு 'வெதரிங் கோர்ஸ் முடிந்தது' என்கிறார்கள். பெயர் பழையதுதான். வெப்பத்தைத் தடுப்பதில் அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சிமென்ட் கலவையும் கான்கிரீட்டுக்குத் தம்பிதான்.

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி எல்லோரும் எழுதியாயிற்று. முற்றம், இரட்டைச் சுவர், முட்டை வெள்ளைக்கருப் பூச்சு என்று புகழ்ந்துகொண்டே போகலாம். ஆனால் அவ்வளவு மனையும் அவ்வளவு பணமும் உள்ளவர்களுக்கு அது சரி. இரண்டு சென்ட்டில் வீடு கட்டுகிறவருக்கு முற்றம் ஒரு படுக்கையறையின் விலை. அவருக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது முற்றத்தை அல்ல, அந்த மூன்று அங்குலத்தை.

பழைய வீட்டுக்குப் பிளாஸ்டிக் சட்டை

பழைய வீட்டை வைத்திருப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, அதற்குப் புது வீட்டு வைத்தியம் பார்ப்பது. சுண்ணாம்பில் கட்டிய சுவர் ஈரத்தை உள்ளே வாங்கும், வெளியே விடும். அஸ்திவாரத்திலிருந்து ஈரம் மேலேறாமல் தடுக்கும் அடுக்கு அந்தக் காலத்துப் பல வீடுகளில் கிடையாது. தரையிலிருந்து முழங்கால், இடுப்பு உயரம் வரை மழைக்காலத்தில் ஈரம் ஏறும், தை பிறந்தால் உலரும். அப்படித்தான் நூறு வருடம் நின்றன.

அந்தச் சுவருக்கு இன்று என்ன செய்கிறோம்? உதிர்ந்த காரையைக் கொத்தி எடுத்துவிட்டு சிமென்ட் பூச்சு. அதன் மேல் புட்டி. அதன் மேல் பளபளவென்று பிளாஸ்டிக் பெயிண்ட். கீழே ஓடும் ஈரத்துக்கு இப்போது வெளியேற வழியில்லை. அது இன்னும் உயரமாக ஏறி, சிமென்ட் பூச்சு முடியும் இடத்தில் தலைகாட்டும். தண்ணீர் ஆவியானாலும் அதில் கரைந்த உப்பு ஆவியாகாது. பெயிண்டுக்குப் பின்னால் அது பூத்து, பூச்சைத் தள்ளி, பொரித்து எடுக்கும். 'போன வருஷம்தான் சார் பெயிண்ட் அடிச்சோம்' என்று அலுத்துக்கொள்கிற வீடுகளில் பாதிக்கு இதுதான் கதை. கிழக்குக் கடற்கரைச் சாலை (ஈ.சி.ஆர்.) பக்கம் உப்புத் தண்ணீர் போரை வைத்துக் கட்டிய புது வீடுகளிலும் இதே கதை நடக்கிறது. அங்கே உப்பு தரையிலிருந்து ஏறவில்லை, கலவையிலேயே கலந்து வந்திருக்கிறது.

இதில் இன்னொன்று கவனிக்க வேண்டியது, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வழக்கம். மூன்று மாத மழையில் ஊறிய சுவர் உலரத் தொடங்கும் சமயம்தான் அது. சுண்ணாம்பு அடித்தவரை பிரச்சினை இல்லை, சுண்ணாம்புப் பூச்சின் வழியே சுவர் தொடர்ந்து உலரும். சுண்ணாம்புக்குப் பூசணத்தைக் கொல்லும் காரமும் உண்டு. அதே போகிக்கு முந்தின வாரத்தில் இப்போது புட்டியும் எமல்ஷனும் அடிக்கிறோம். மழைத்தண்ணீரை உள்ளே வைத்துச் சீல் வைக்கிறோம். நாள் பார்ப்பது தாத்தா வழி, அடிப்பது மட்டும் டப்பா வழி. எமல்ஷன்தான் அடிக்க வேண்டும் என்றால் பங்குனி, சித்திரை வரை பொறுங்கள்.

பழைய வீட்டுக்குச் சொல்ல வேண்டியது சுருக்கம்தான். சுண்ணாம்புச் சுவரைச் சுண்ணாம்பாலேயே பழுது பாருங்கள். வீட்டைச் சுற்றிச் சிமென்ட் தளம் போட்டு மூடாதீர்கள், மூடினால் மண்ணுக்குள் இருக்கும் ஈரம் சுவர் வழியாகத்தான் மேலே வரும். தெருவை உயர்த்தி உயர்த்தி ரோடு போட்டதில் வீடு பள்ளத்துக்குப் போயிருந்தால், சுவரை ஒட்டித் தண்ணீர் நிற்காமல் வெளியேற்ற முதலில் வழி பாருங்கள். அதற்கு முன் எந்த ரசாயனத்தை ஊசி போட்டு ஏற்றினாலும் பாதி வீண்.

புது வீட்டின் பிரச்சினை வேறு

புது வீட்டின் பிரச்சினை அது மூச்சு விடாதது அல்ல. அது மெல்லிசு. பன்னிரண்டு அங்குல, பதினெட்டு அங்குலச் சுவர் போய் ஒன்பது அங்குலம் வந்தது, இப்போது வெளிச்சுவரே ஆறு அங்குலம் என்கிறார்கள். பெரிய அடுக்குமாடிகளில் அலுமினிய அச்சுகளை நிறுத்தி, சுவர், தளம் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் கான்கிரீட்டாக வார்த்துவிடுகிறார்கள். வேலை சீக்கிரம் முடியும், சுவர் வழவழவென்று வரும். ஆனால் சுவரும் ஸ்லாப் ஆகிவிட்டது என்பதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. தலைக்கு மேல் இருந்த அடுப்பை நான்கு பக்கமும் வைத்தாயிற்று.

சுவர் எழுப்பப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. ஒரே கனத்தில் வைத்துப் பார்த்தால் கான்கிரீட் கடத்தும் வெப்பத்தில் ஏறக்குறையப் பாதியைச் செங்கல் கடத்துகிறது. செங்கல் கடத்துவதில் சுமார் நான்கில் ஒரு பங்கை ஏ.ஏ.சி. பிளாக் (காற்றுக்குமிழ்கள் நிறைந்த கான்கிரீட் கல்) கடத்துகிறது. தெர்மாகோல் வகைப் பலகைகள் கான்கிரீட் கடத்துவதில் நாற்பதில் ஒரு பங்குதான். 'ஃபிளை ஆஷ் செங்கல் குளிர்ச்சி' என்று பரவலாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. சிவப்புச் செங்கலைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை. அதை வாங்க வேறு நல்ல காரணங்கள் உண்டு, குளிர்ச்சி அதில் சேராது.

ஏ.ஏ.சி.யிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. அது தண்ணீர் குடிக்கும். தூணும் பிளாக்கும் சேரும் இடத்தில் வலை வைத்துப் பூசாவிட்டால் நேர்கோடாக விரிசல் விடும். வடகிழக்குப் பருவக்காற்று மழையைக் கொண்டுவந்து அடிப்பது வடக்கு, கிழக்குச் சுவர்களில். அந்த இரண்டு பக்கமும் விரிசல் விட்டால் ஓதம் நிச்சயம். வெயிலுக்குக் கவலைப்பட வேண்டிய சுவர் மேற்கு, மழைக்குக் கவலைப்பட வேண்டியவை வடக்கும் கிழக்கும். பணம் அளவாக இருந்தால், நான்கு பக்கமும் ஒரே மாதிரி செலவு செய்யாமல் இதைப் பார்த்துப் பிரித்துச் செய்யலாம்.

மேற்கில் படுக்கையறை வைக்காமல் மாடிப்படி, பாத்ரூம், ஸ்டோர் ரூம் வைத்தால் அவை வெயிலைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் வாஸ்து விடாது. தென்மேற்குக் கன்னி மூலையில்தான் வீட்டுத் தலைவருக்குப் படுக்கையறை என்று சொல்லி, மாலை வெயில் முழுவதையும் வாங்கும் அறையில் அவரைப் படுக்க வைத்துவிடுகிறார்கள். வாஸ்துவை மாற்ற முடியாதவர்கள் அந்தச் சுவருக்கு வெளியே ஒரு மரத்தையாவது வையுங்கள்.

மத்திய அரசு 2018 டிசம்பரில் வெளியிட்ட 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்ற குடியிருப்பு விதித்தொகுப்பு, கூரை வழியே இறங்கும் வெப்பத்துக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது: ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, ஒரு சதுர மீட்டருக்கு 1.2 வாட். வெறும் ஸ்லாபில் அது ஏறக்குறைய 3.5. அதாவது, அந்த விதி சொல்வதைப்போல் மூன்று மடங்கு வெயில் நம் வீட்டுக்குள் இறங்குகிறது. இதைச் சரிசெய்ய என்ன மலையைப் புரட்ட வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? ஓர் அங்குலக் கனத்துக்கு எக்ஸ்.பி.எஸ். என்ற தெர்மாகோல் வகைப் பலகை போட்டால் கணக்கு 1-க்குக் கிட்டே வந்துவிடும். இரண்டு அங்குலம் போட்டால் 0.5. மாடுலர் கிச்சனுக்கு லட்சங்களில் கொட்டுகிற வீட்டில் இந்த ஓர் அங்குலத்துக்கு மட்டும் பட்ஜெட் இடிக்கிறது.

ஏ.சி.யும் ஒரு மழைமேகம்தான்

மழையே இல்லாத மே மாதத்திலும் சில அடுக்குமாடிகளில் சுவர் நனைகிறது. பிளம்பர் வந்து குழாயைத் தோண்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று போய்விடுவார். சென்னையின் கடற்காற்று ஈரம் மிகுந்தது. 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் அந்தக் காற்று பட்டால் வியர்க்கத் தொடங்கிவிடும். பக்கத்து அறையில் ஏ.சி. 18-இல் இரவு பகலாக ஓடினால், நடுச்சுவரின் இந்தப் பக்கம் குளிர்ந்து, ஜில்லென்ற டம்ளரைப் போல நீர் கோத்து நிற்கும். பின்னாலேயே பூசணம் வரும். மேல் வீட்டுத் தரையிலும் இதே கூத்து நடக்கும்.

2020 ஜனவரியிலிருந்து இந்தியாவில் விற்கும் நட்சத்திர முத்திரை பெற்ற அறை ஏ.சி.கள், போட்டவுடன் 24 டிகிரியில்தான் ஓட வேண்டும் என்று விதி இருக்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டு ஃபேனையும் சேர்த்துப் போட்டால் போதும். 24 போதவில்லை, 18 வைத்தால்தான் அடங்குகிறது என்றால், காற்று சூடாக இருக்கிறது என்று அர்த்தமல்ல. கூரையும் சுவரும் உங்கள் மேல் நேரடியாகச் சூட்டை வீசுகின்றன. அதை ஏ.சி.யால் அணைக்க முடியாது. தளத்தைச் சரிசெய்யாமல் ஒரு டன்னை ஒன்றரை டன்னாக மாற்றினால், இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டி, குறைந்த கட்டணச் சலுகையும் கைவிட்டுப் போவதுதான் மிச்சம்.

எதை முதலில் செய்வது?

வெள்ளைப் பெயிண்ட் முதலில் இல்லை. முதலில் தண்ணீர். மழைக்குழாய் வாயை அடைத்து, மொட்டை மாடியில் இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். எங்கே கசிகிறது, எங்கே தேங்குகிறது என்பது வெளிச்சமாகிவிடும். இதைச் செய்ய வேண்டியது மார்ச், ஏப்ரலில். செப்டம்பர் கடைசியில் வந்து 'மழைக்கு முன்னாடி ஒரு கோட்டிங் அடிச்சுட்டா போதும் சார்' என்று சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். வாட்டம் இல்லாத தளத்தில் எந்த கோட்டிங்கும் நிற்காது. கைப்பிடிச் சுவர் சேரும் மூலை, தண்ணீர்த் தொட்டிக் குழாய் நுழையும் இடம், டிஷ் ஆன்டெனாவுக்கு ஆணி அடித்த இடம், பெரும்பாலான கசிவு இந்த மூன்றில் ஒன்றில்தான்.

அடுத்தது வெள்ளை. மிக மலிவானது சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்பை முந்தின நாளே நீரில் தாளித்து ஊறப்போட்டு, பழைய வேட்டியில் வடிகட்டி, கொஞ்சம் பசை கலந்து, தென்னை மட்டை பிரஷ்ஷால் இரண்டு, மூன்று கை அடிக்க வேண்டும். உச்சி வெயிலில் காய்ந்த தளத்தில் அடித்தால் பொடிப்பொடியாக உதிரும். மாலையில், தளத்தை நன்றாக நனைத்துவிட்டு அடித்தால் பிடிக்கும். கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மழையில் இது கரையும், வருடா வருடம் அடிக்க வேண்டும். அதை விரும்பாதவர்களுக்குக் கூல் ரூஃப் பெயிண்ட் இருக்கிறது. வாங்கும்போது வெண்மையைப் பார்க்காமல் வெயிலைத் திருப்பி அனுப்பும் திறனைக் காட்டும் எஸ்.ஆர்.ஐ. மதிப்பு எவ்வளவு என்று கேளுங்கள். டைல்ஸ் கடையில் உடைந்து கிடக்கும் வெள்ளை டைல்ஸைப் பதிப்பதும் நல்ல யோசனையே. எதைப் போட்டாலும் தூசி படிந்தால் பாதி பலன் போய்விடும். வாரம் ஒரு முறை பெருக்கி, மாதம் ஒரு முறை கழுவ வேண்டியிருக்கும்.

வெள்ளை, விழும் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. பலகை, மீறி வந்த சூட்டை நிறுத்துகிறது. கையில் காசு இருக்கிறவர்கள் இரண்டையும் செய்யலாம்: நீர்த்தடுப்புப் பூச்சு, அதன் மேல் எக்ஸ்.பி.எஸ். பலகை, மேலே கலவை, வெள்ளை டைல்ஸ். பலகை ஸ்லாபுக்கு மேலேதான் இருக்க வேண்டும். உள்ளே தெர்மாகோலையும் ஜிப்சத்தையும் வைத்து ஃபால்ஸ் சீலிங் அடிப்பது இப்போது பெரிய நாகரிகம். அதனால் பலன் இல்லை என்று சொல்ல மாட்டேன், அனல் குறையும். ஆனால் ஸ்லாப் வெயிலில் கிடந்து நீண்டு சுருங்கிக்கொண்டேதான் இருக்கும், விரிசல் விடும், ஒழுகும். அந்த ஒழுகலும் கம்பி துருப்பிடிப்பதும் சீலிங்குக்குப் பின்னால் கண்ணில் படாமல் நடக்கும். வாடகைக்கு இருப்பவருக்கு வேறு வழி இல்லை. சொந்த வீட்டுக்காரர் மேலே ஏறுவதே நல்லது.

சூரிய மின்தகடு வைக்க யோசிப்பவர்களுக்கு இன்னொரு லாபம் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் கிடைக்கிறது. தகடுகளைக் கொஞ்சம் உயர்த்திக் காற்று புகும்படி நிறுத்தினால், கீழே இருக்கும் தளம் நிழலில் கிடக்கும். மாடித்தோட்டம் வைப்பவர்கள் பைகளைத் தரையில் வைக்காமல் ஸ்டாண்டில் வையுங்கள். நிழலும் கிடைக்கும், தளமும் உலரும்.

ஜன்னலைப் பொறுத்தவரை, திரைச்சீலை உள்ளே இருந்தால் பாதி தோல்வி. வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகு அதைத் தடுத்து என்ன பயன்? மூங்கில் தட்டியை வெளியே கட்டுங்கள். வெட்டிவேர்த் தட்டி நனைத்துத் தொங்கவிடும் உத்தி வேலூருக்கும் திருச்சிக்கும் பொருந்தும், அங்கே காற்று உலர்ந்தது. சென்னை, கடலூர், தூத்துக்குடியில் அது புழுக்கத்தைத்தான் கூட்டும். அதேபோல உள்மாவட்டங்களில் பகலில் ஜன்னலை அடைத்து இரவில் திறக்க வேண்டும். கடலோரத்தில் பிற்பகல் கடற்காற்று வந்ததும் திறந்துவிட வேண்டும். மழைக்காலத்தில் பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வைத்தால் பாதிப் பூசணம் வராது. ஊட்டி, கொடைக்கானலின் கதை வேறு. அங்கே குளிரும் மழையும் சேர்ந்து வரும், இங்கே சொன்னதை அங்கே அப்படியே எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

ஷீட்டுக்குக் கீழே இருப்பவர்கள்

இதுவரை சொன்னது ஸ்லாப் உள்ளவர்களுக்கு. தகரத்துக்கும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கும் கீழே இருப்பவர்களுக்கு வெயில் மூன்று மணி நேரம் காத்திருப்பதில்லை, அடித்த உடனே உள்ளே வந்துவிடும். ஆஸ்பெஸ்டாஸ் எல்லா வகையிலும் புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதைக் காய்ந்த நிலையில் சுரண்டவோ, அறுக்கவோ, துளையிடவோ கூடாது. நனைத்துவிட்டு மேல் பக்கம் வெள்ளை அடிக்கலாம். உள்ளே ஒரு முழம் இறக்கி மூங்கில் பாய் கட்டி, நடுவில் காற்று ஓட வழி விட்டால் வித்தியாசம் தெரியும். அடுப்பு இருக்கும் பக்கம் தெர்மாகோல் கட்டிவிடாதீர்கள், தீப்பிடிக்கும்.

அகமதாபாத் 2013-லேயே வெப்பச் செயல்திட்டம் போட்டது. அங்கே மஹிளா ஹவுசிங் டிரஸ்ட் குடிசைப் பகுதிப் பெண்களோடு சேர்ந்து கூரைகளுக்கு வெள்ளை அடித்துவருகிறது. தெலங்கானா 2023-ல் கூல் ரூஃப் கொள்கையையே கொண்டுவந்து, அரசுக் கட்டடங்களுக்குக் கட்டாயம் ஆக்கியது. தமிழக அரசு அரசுப் பள்ளிகளின் கூரைகளில் வெள்ளைப் பூச்சை முயன்று பார்த்திருக்கிறது, பெரும்பாக்கம் அம்பேத்கர் நகர்ப் பள்ளியில் தொடங்கி. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவும் அறிவித்தது. இறந்தால் குடும்பத்துக்கு நிவாரணம் உண்டு. நல்லதுதான். இறக்காமல் பார்த்துக்கொள்ளும் வேலை கூரையில் இருக்கிறது.

2030-க்குள் குடிசையில்லாத தமிழகம் என்று சொல்லித் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் எட்டு லட்சம் வீடுகள் கட்டுவது இலக்கு. வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய், 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம். ஒழுகிய, தீப்பிடித்த கீற்றுக்கொட்டகையை விட்டு அந்தக் குடும்பங்கள் வெளியே வருவது பெரிய விஷயம். ஆனால் கீற்றுக்கு ஒரு குணம் இருந்தது, மே மாதத்திலும் அதன் கீழ் பகலில் படுக்க முடிந்தது. மேலே எதுவும் இல்லாத கான்கிரீட் பெட்டியில் அது முடியாது. ஏ.சி. வாங்க அவர்களால் ஆகாது. 300 சதுர அடிக்கு ஓர் அங்குலப் பலகையும் மேலே வெள்ளை ஓடும் போடுவது அரசுக்குப் பெரிய தொகையல்ல, மொத்தமாக வாங்கினால் விலை இன்னும் இறங்கும். அந்த வீடுகளின் மதிப்பீட்டுப் படிவத்தில் 'மேல்தள வெப்பக் காப்பு' என்று ஒரு வரி தனியாக, தனித் தொகையோடு இருக்க வேண்டும். அடுத்த கட்ட வீடுகளுக்குத் தளம் போடுவதற்கு முன்பே அதைச் சேர்த்துவிடுங்கள்.